எதிரே ஒருவரோ இருவரோ மட்டும் இருக்கும்போது: போக்கர் ஆட்டத்தின் குறைகளை அறிகுறி பார்த்துத் திருத்தும் வழிமுறை

ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் ஓரளவு நன்றாகவே ஆடுபவர், எதிரே ஒருவரோ இருவரோ மட்டும் மிஞ்சும்போது காரணம் புரியாமல் தோற்கத் தொடங்குவது போக்கரில் அடிக்கடி நடப்பது. நானும் பல மாதங்கள் அப்படித் தோற்று, ஒவ்வொரு முறையும் வந்த சீட்டையே குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கைகளை, அதாவது சீட்டுப் பகிர்ந்து ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தையும், குறித்துவைத்து உட்கார்ந்து பார்த்த பிறகுதான், ஒரே தவறு நாலைந்து வேடங்களில் வந்துகொண்டிருந்தது தெரிந்தது. இந்த வழிமுறையை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் ஆட்டத்தில் தென்படும் அறிகுறியைத் தேடி அங்கிருந்து தொடங்கலாம். இங்கே பேசப்படுவது நோ-லிமிட் டெக்சஸ் ஹோல்டம்: ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து பொதுச் சீட்டு, பந்தய அளவுக்கு வரம்பில்லாத போக்கர். சீட்டுப் பகிரும் முன் இருவர் கட்டாயமாகப் போடும் பணமே பிளைண்ட்; சிறிய பிளைண்ட் பெரியதில் பாதி. அளவுகள் யாவும் பெரிய பிளைண்டின் மடங்கில் சொல்லப்பட்டுள்ளன. 100 பிளைண்ட் என்றால் பெரிய பிளைண்டைப் போல 100 மடங்கு சிப்கள் என்று பொருள்.

திருத்தத் தொடங்கும் முன்: குறையா, சீட்டின் போக்கா?

2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவான லிப்ராடஸ் என்ற கணினி நிரல், ஒருவருக்கு ஒருவர் ஆட்டத்தில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களுடன் மோதியது. யார் மேல் என்று உறுதியாகச் சொல்வதற்காக 20 நாள்களில் 1,20,000 கைகள் ஆடப்பட்டன; அதிர்ஷ்டத்தின் பங்கைக் குறைக்க, ஒரே சீட்டுகள் இரண்டு இடங்களில் பக்கம் மாற்றிப் பகிரப்பட்டன. நிலைமை இப்படியிருக்க, ஒரு மாலையில் ஆடிய 200 கைகளில் நட்டம் வந்தது என்பதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. எனவே வரவு செலவைப் பார்க்காமல் முடிவுகளைப் பாருங்கள். ஒவ்வொரு கைக்கும் மூன்று குறிப்புகள் போதும்: நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள், ஃபிளாப் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகள்) வருவதற்கு முன் என்ன செய்தீர்கள், எதிராளி கடைசியில் சீட்டைக் காட்டியிருந்தால் அது என்ன.

மேசை ஒழுங்காக இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். இருவர் மட்டும் ஆடும்போது பட்டனில் (சீட்டுப் பகிர்பவரின் இடத்தில்) இருப்பவரே சிறிய பிளைண்டைப் போட வேண்டும். ஃபிளாப்புக்கு முன் அவர் முதலில் முடிவெடுப்பார், ஃபிளாப் முதல் கடைசியில் முடிவெடுப்பார். நண்பர்கள் வீட்டு ஆட்டங்களில் இது தலைகீழாக நடப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மூவரில் ஒருவர் வெளியேறி இருவராகும் கையில், ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை பெரிய பிளைண்ட் போடாதபடி பட்டனைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் விதி.

அறிகுறி 1: பெரிய இழப்பு ஒன்றும் இல்லை, ஆனால் சிப்கள் கரைந்துகொண்டே போகின்றன

இதுவே மிகப் பரவலான அறிகுறி. காரணம் பெரும்பாலும் காத்திருத்தல். ஒன்பது பேர் மேசையில் ஒரு சுற்றுக்கு, அதாவது ஒன்பது கைகளுக்கு, நீங்கள் போடும் கட்டாயப் பணம் ஒன்றரை பிளைண்ட். மூவர் ஆட்டத்தில் அதே ஒன்றரை பிளைண்ட் மூன்றே கைகளில் போய்விடும். இருவர் ஆட்டத்திலோ இரண்டே கைகளில், அதாவது சராசரியாக ஒரு கைக்கு முக்கால் பிளைண்ட் போய்விடும். எல்லாக் கைகளையும் கவிழ்ப்பவர், அதாவது ஆடாமல் விலகுபவர், 100 கைகளில் 75 பிளைண்ட் இழப்பார். கையில் ஜோடி வருவது 17 கைகளுக்கு ஒரு முறை. ஏஸ் ஜோடி 221 கைகளுக்கு ஒரு முறை. அதற்காகக் காத்திருப்பவர், வந்து சேரும்போது எதிராளிக்குத் தர வேண்டிய வாடகையை ஏற்கெனவே தந்து முடித்திருப்பார்.

சோதனை எளிது. இருவர் ஆட்டத்தில் நீங்கள் பட்டனில் இருந்த கடைசி 50 கைகளை எடுத்து, ஃபிளாப்புக்கு முன்பே கவிழ்த்தவை எத்தனை என்று எண்ணுங்கள். அது 20ஐத் தாண்டினால் குறை இங்கேதான் இருக்கிறது. குயினும் ஏழும் வெவ்வேறு சின்னத்தில் வந்தால் பெரிய மேசையில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் எதிரே ஒரே ஒரு கை, அதுவும் எதுவென்று தெரியாத கை என்றால், அந்தக் குயின்-ஏழு பாதிக்குச் சற்று மேலேயே வெல்லும். கிங் உள்ள எந்தக் கையும் அதே கணக்கில் சராசரிக்கு மேல்தான். பட்டனில் இருப்பவர் ஃபிளாப்பிலிருந்து ஒவ்வொரு கட்டத்திலும் எதிராளி என்ன செய்தார் என்று பார்த்த பிறகு முடிவெடுக்கிறார் என்பதால், சீட்டின் பலத்தோடு இந்த அனுகூலமும் சேர்கிறது. 2015இல் கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பந்தய அளவு நிலையாக உள்ள இருவர் லிமிட் ஹோல்டமைக் கணினி வழியே ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்தபோது, இரு தரப்பும் தவறின்றி ஆடினாலும் பட்டனில் இருப்பவருக்கு ஒரு கைக்குப் பெரிய பிளைண்டில் சுமார் 9 சதவீதம் லாபம் நிற்பது தெரியவந்தது.

திருத்தம்: இருவர் ஆட்டத்தில் பட்டனில் பத்துக் கைக்கு ஏழு எட்டையாவது இரண்டு முதல் இரண்டரை பிளைண்ட் வரையிலான ரெய்ஸுடன் (பந்தயத்தை உயர்த்தி) தொடங்குங்கள். உண்மையான குப்பைகளை, அதாவது ஏழு-இரண்டு, எட்டு-மூன்று, மூன்று-இரண்டு போன்றவை வெவ்வேறு சின்னத்தில் வந்தால், கவிழ்த்துவிடலாம். முதல் நாள் இது கூச்சமாக இருக்கும், இருக்கட்டும்.

அறிகுறி 2: நான் ரெய்ஸ் செய்கிறேன், அவர் கால் செய்கிறார் (அதே அளவைப் போட்டுத் தொடர்கிறார்), ஃபிளாப் எனக்குப் பொருந்துவதில்லை, பாட் (நடுவில் சேர்ந்த பணம்) அவருக்குப் போகிறது

ஜோடி இல்லாத இரண்டு சீட்டுகளுக்கு ஃபிளாப்பில் ஒரு ஜோடியாவது அமைவது சுமார் மூன்றில் ஒரு முறைதான். இது உங்கள் எதிராளிக்கும் பொருந்தும் என்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். இருவருக்கும் ஒன்றும் அமையாத ஃபிளாப்புகள் ஏராளம். அவற்றில் முதலில் துணிந்தவருக்கே பாட் சொந்தம். பொருந்தினால் வைப்பது, பொருந்தாவிட்டால் விடுவது என்று ஆடுபவரின் கையைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே எதிராளிக்கு இல்லை.

கணக்கு இப்படி. பாட்டில் மூன்றில் ஒரு பங்கை வைத்தால், எதிராளி நான்கில் ஒரு முறை கவிழ்த்தாலே அந்தப் பிளஃப் (வெறுங்கையோடு மிரட்டும் பந்தயம்) கைக்காசைக் கடிக்காது. பாதி வைத்தால் மூன்றில் ஒரு முறை, முழுப் பாட்டையும் வைத்தால் இரண்டில் ஒரு முறை அவர் கவிழ்க்க வேண்டும். ஆகவே சிறிய பந்தயம் மலிவான கேள்வி.

ஆனால் எல்லா ஃபிளாப்பிலும் கேட்கக்கூடிய கேள்வி அன்று. உங்கள் கையில் ஜாக்-பத்து. இரண்டரை பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தீர்கள், பெரிய பிளைண்டில் இருப்பவர் கால் செய்தார், பாட்டில் ஐந்து பிளைண்ட். ஃபிளாப் கிங்-ஏழு-இரண்டு, மூன்றும் வெவ்வேறு சின்னம். அவர் செக் செய்கிறார், அதாவது பந்தயம் வைக்காமல் விடுகிறார். இங்கே ஏறத்தாழ 1.7 பிளைண்ட் வையுங்கள். அவரிடம் குயின்-ஒன்பதோ ஆறு-ஐந்தோ இருந்தால் தொடர்வதற்கு ஒரு காரணமும் இல்லை. இந்த ஃபிளாப்பில் எட்டிப் பிடிக்க ஸ்ட்ரெய்ட்டும் (வரிசையான ஐந்து சீட்டு) இல்லை, ஃபிளஷ்ஷும் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) இல்லை. அதே இடத்தில் ஃபிளாப் எட்டு-ஆறு-ஐந்து, அதிலும் இரண்டு ஒரே சின்னம் என்று வந்தால் படம் மாறிவிடும். பெரிய பிளைண்டிலிருந்து அவர் கால் செய்யும் நடுத்தரக் கைகள்தான் அங்கே ஜோடியாகவும், பாதி முடிந்த ஸ்ட்ரெய்ட்டாகவும், ஃபிளஷ் எதிர்பார்ப்பாகவும் மாறி உட்கார்ந்திருக்கும். அங்கே வெறுங்கையோடு வைக்கும் பந்தயத்துக்கு அவர் கவிழ்ப்பதைவிட ரெய்ஸ் செய்வதே அதிகம். செக் செய்துவிட்டு அடுத்த சீட்டைச் சும்மா பார்ப்பது நல்லது.

முதல் பந்தயத்துக்கு அவர் கால் செய்துவிட்டால் என்ன என்பது அடுத்த சந்தேகம். டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) எப்போதும் நிறுத்திக்கொள்பவரை எதிராளி இருபது கைகளுக்குள் கண்டுகொள்வார். கிங்-ஏழு-இரண்டில் டர்ன் குயினாக வந்தால், உங்கள் ஜாக்-பத்து இரு பக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட் எதிர்பார்ப்பாகிறது. ஏஸ் அல்லது ஒன்பது என எட்டு சீட்டுகள், ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டில்) வருவதற்கு 17 சதவீதம். கூடவே, ரெய்ஸ் செய்தவரிடம் குயின் இருப்பதும் நம்பக்கூடியது. அங்கே மறுபடி வையுங்கள். டர்ன் நான்காக வந்தால் எதுவும் மாறவில்லை, விட்டுவிடுங்கள்.

அறிகுறி 3: எத்தனை பிளஃப் செய்தாலும் அவர் கவிழ்ப்பதே இல்லை

இதற்கான மருந்து ஒரே வரியில் முடிந்துவிடும்: பிளஃப்பை நிறுத்துங்கள், நடுத்தரக் கைகளுக்கும் பந்தயம் வையுங்கள். ஆனால் இதை ஏற்றுக்கொள்ள மனம்தான் மறுக்கிறது. எதையும் கால் செய்பவரைப் புத்திசாலித்தனமாக ஏமாற்றிக் காட்ட வேண்டும் என்ற ஆசையிலேயே நான் நிறைய இழந்திருக்கிறேன். பெரிய மேசையில் இரண்டாவது ஜோடி (பொதுச் சீட்டுகளில் இரண்டாவது பெரியதோடு அமையும் ஜோடி) என்பது செக் செய்து தப்பிக்க வேண்டிய கை. எதையும் விடாத ஒற்றை எதிராளிக்கு எதிரே அது இரண்டு கட்டங்களில் பந்தயம் வைக்கத் தகுந்த கை. அவர் காட்டிய சீட்டுகளைக் குறித்துவைத்திருப்பீர்களே, அதைப் பாருங்கள். ரிவரில் ஏஸ் மட்டும் வைத்துக்கொண்டும் மூன்றாவது ஜோடியோடும் கால் செய்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி 4: அவர் எப்போதும் ரெய்ஸ் செய்கிறார், பெரிய பிளைண்டில் நான் நசுங்குகிறேன்

முதலில் எண்ணிப் பாருங்கள். இருவர் ஆட்டத்தில் பட்டனிலிருந்து பத்துக்கு எட்டு முறை ரெய்ஸ் செய்பவர் வெறிபிடித்து ஆடவில்லை, சரியாக ஆடுகிறார். அறிகுறி 1இல் உங்களுக்குச் சொன்னதை அவர் செய்துகொண்டிருக்கிறார். கோபம் வந்து குப்பையோடு எதிர்த்து நிற்பதற்கு முன் இதை ஒப்புக்கொள்வது முக்கியம்.

அவர் இரண்டரை பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்யும்போது, ஏற்கெனவே போட்ட அரை பிளைண்ட் போகக் கூடுதலாக இரண்டைப் பணயம் வைத்து, நடுவில் உள்ள ஒன்றரையைக் குறிவைக்கிறார். நீங்கள் 57 சதவீதத்துக்கு மேல் கவிழ்த்தால் அவருக்குச் சீட்டே தேவையில்லை. எதை வைத்துக்கொண்டும் லாபம். உங்கள் கணக்கில், ரெய்ஸைச் சந்தித்த கடைசி 40 பெரிய பிளைண்டுகளில் 23க்கு மேல் கவிழ்த்திருந்தால் ஓட்டை அங்கே இருக்கிறது.

உங்கள் பக்க விலையும் மலிவு. இரண்டு பிளைண்டுக்கு ரெய்ஸ் வந்தால் ஒன்றைப் போட்டு நான்கு பிளைண்ட் பாட்டுக்குப் போட்டியிடுகிறீர்கள். 25 சதவீதம் வென்றால் போதும். இரண்டரைக்கு 30 சதவீதம், மூன்றுக்கு 33 சதவீதம். இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் எதுவென்று தெரியாத கைக்கு எதிரே ஏறத்தாழ 35 சதவீதம் வெல்லும் ஏழு-இரண்டைக்கூடக் கால் செய்யலாம் போலத் தோன்றும். அங்கேதான் சறுக்கல் இருக்கிறது: அந்த 35 சதவீதம், ஐந்து பொதுச் சீட்டும் வரும்வரை யாரும் பந்தயம் வைக்காதபோது மட்டுமே உண்மை. ஃபிளாப் முதல் நீங்கள் முதலில் பேச வேண்டியிருப்பதால், வெல்லக்கூடிய கைகளில் பலவற்றைப் பாதி வழியில் கவிழ்க்க நேரும். ஆகவே ஏழு-இரண்டை விடுங்கள். ஆனால் கிங்-ஐந்து, ஒன்பது-ஏழு, ஒரே சின்னத்தில் வரும் ஆறு-நான்கு போன்றவற்றை விடாதீர்கள்.

கால் செய்வது மட்டும் போதாது, சில நேரம் திருப்பி ரெய்ஸ் செய்யவும் வேண்டும். அவருடைய இரண்டரைக்குப் பதிலாகப் பத்து பிளைண்ட் அளவில் வையுங்கள். நீங்கள் முதலில் பேசும் இடத்தில் இருப்பதால் சற்றுப் பெரிதாகவே வைக்கலாம். பெரிய ஜோடிகளும் ஏஸ்-கிங், ஏஸ்-குயின் போன்றவையும் இயல்பாகவே இதில் வரும். பிளஃப்பாகச் சேர்ப்பதற்கு ஒரே சின்னத்தில் வரும் ஏஸ்-ஐந்து, ஏஸ்-நான்கு போன்றவை நல்ல தேர்வு. உங்கள் கையில் ஒரு ஏஸ் இருந்தாலே, அவருக்கு ஏஸ் ஜோடி அமையக்கூடிய வழிகள் ஆறிலிருந்து மூன்றாகவும், ஏஸ்-கிங் அமையும் வழிகள் பதினாறிலிருந்து பன்னிரண்டாகவும் குறைந்துவிடுகின்றன.

அறிகுறி 5: அபூர்வமாக ஒரு பெரிய கை வருகிறது, அதில் கிடைப்பதோ சில்லறை

காரணம் பதுங்குதல், அதாவது பலமான கையை வைத்துக்கொண்டு பலவீனம்போல நடித்தல். 1988 உலகப் போக்கர் தொடரின் முதன்மை ஆட்டத்தில் கடைசி இருவராக ஜானி சானும் எரிக் சைடலும் மோதினர். ஃபிளாப்பிலேயே ஸ்ட்ரெய்ட் அமைந்த சான் பதுங்கி ஆட, குயின் ஜோடி வைத்திருந்த சைடல் ரிவரில் எல்லாச் சிப்களையும் வைத்துத் தோற்றார். அதைப் பார்த்தவர்கள் பலரும் பதுங்குவதே உயர்ந்த கலை என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே எதிராளியின் கையில் மேல் ஜோடி இருந்தது. அவரே பந்தயமும் வைத்தார். பந்தயம் வைக்காத எதிராளிக்கு முன் பதுங்கினால், பொறி வைத்தவர் பொறிக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கணக்கைப் பாருங்கள். பாட்டில் ஐந்து பிளைண்ட். ஃபிளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் பாட்டில் மூன்றில் இரண்டு பங்கை வைத்து, மூன்றுக்கும் அவர் கால் செய்தால் பாட் 5, 11.7, 27, 63 என்று வளர்கிறது. ஃபிளாப்பில் மட்டும் செக் செய்துவிட்டால் அது 27இல் நின்றுவிடும். விட்டது ஒரே ஒரு சிறிய பந்தயம்; அதன் விலை, எதிராளியிடமிருந்து வந்திருக்கக்கூடிய 29 பிளைண்ட் 11 ஆகச் சுருங்குவது. எதிரே உள்ளவர் தாமாகப் பந்தயம் வைக்கும் பழக்கம் உள்ளவர் என்று குறிப்புகள் காட்டினால் மட்டும் பதுங்குங்கள்.

அறிகுறி 6: என் கையை அவர் திறந்து பார்ப்பதுபோல ஆடுகிறார்

பெரும்பாலும் நீங்களே அளவின் மூலம் சொல்லிவிடுகிறீர்கள்: நல்ல கைக்குப் பெரிதாகவும், சுமாரான கைக்குச் சிறிதாகவும், குப்பைக்குச் சிறிய பிளைண்டைப் பெரிய பிளைண்ட் அளவுக்கு வெறுமனே நிரப்பியும் தொடங்குகிறீர்கள். தொடக்க ரெய்ஸ் எல்லாக் கைக்கும் ஒரே அளவாக இருக்கட்டும். ஆல்பெர்ட்டாவின் நிரல்கூட, அதன் லிமிட் ஆட்டத்தில், பட்டனிலிருந்து வெறுமனே நிரப்பித் தொடங்குவதை ஏறத்தாழ தொடுவதே இல்லை. பிளஃப் செய்வதா வேண்டாமா என்று ஊசலாடும் இடத்தில் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பாருங்கள்; முதல் பாதியில் இருந்தால் வையுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். மனித மனம் தானாக எடுக்கும் தற்செயல் முடிவுகள் தற்செயலாக இருப்பதில்லை.

அறிகுறி 7: இருவர் ஆட்டம் சரியாக வருகிறது, மூவரானதும் தடுமாறுகிறேன்

இங்கே இரண்டு இடங்களைச் சோதியுங்கள். மூவரில் பட்டன் பிளைண்ட் எதுவும் போடுவதில்லை; இரண்டரைக்கு ரெய்ஸ் செய்தால் முழு இரண்டரையையும் பணயம் வைக்கிறீர்கள், தாண்ட வேண்டியவர்களும் இருவர். அந்த ரெய்ஸ் தானாக லாபம் தர, இருவரும் சேர்ந்து 62.5 சதவீதம் கவிழ்க்க வேண்டும். அதாவது தனித்தனியே ஒவ்வொருவரும் 79 சதவீதம். எனவே இருவர் ஆட்டத்தில் தொடங்கும் கைகளில் கீழ்ப்பகுதியைக் கழித்துவிடுங்கள்.

அடுத்தது, இருவருமே ஃபிளாப்புக்கு வந்துவிட்ட பாட். ஒவ்வொருவரும் 60 சதவீதம் கவிழ்ப்பவர் என்றால், இருவரும் சேர்ந்து கவிழ்ப்பது 36 சதவீதம்தான். பாதிப் பாட் பிளஃப் அங்கே தப்பிப் பிழைக்கும். முழுப் பாட் பிளஃப் மூழ்கிவிடும். மூவர் மேசையில் ஒருவர் பலவீனமானவர் என்றால், அவர் கால் செய்யும் கைகளில் நீங்கள் ரெய்ஸ் செய்து மூன்றாமவரை வெளியேற்றி, மறுபடி இருவர் ஆட்டமாக்கிக்கொள்வதே சிறந்த வழி. சிறிய பிளைண்டிலிருந்து வெறுமனே கால் செய்து உள்ளே வரும் பழக்கம் இருந்தால் அதைக் குறையுங்கள். ஃபிளாப் முதல் இருவருக்கும் முன்னால் பேச வேண்டிய இடம் அது.

அறிகுறி 8: சிப்கள் குறைந்தபின் என்ன செய்தாலும் தவறாகப் போகிறது

இருவரில் யாரிடம் குறைவாக இருக்கிறதோ அந்த அளவே ஆட்டத்தின் அளவு. உங்களிடம் 80 பிளைண்ட் இருந்தும் அவரிடம் 9 இருந்தால், நீங்கள் ஆடுவது 9 பிளைண்ட் ஆட்டம். பத்துப் பிளைண்டுக்குக் கீழே போனபின் சிறிய ரெய்ஸ், ஃபிளாப் பார்த்தல் முதலியவற்றை விட்டுவிட்டு, பட்டனிலிருந்து எல்லாவற்றையும் வைப்பது அல்லது கவிழ்ப்பது என இரண்டே முடிவுகளாக ஆடினால் பிழை வெகுவாகக் குறையும். அங்கே ஏஸ் உள்ள எந்தக் கையும், எந்த ஜோடியும், கிங் உள்ள எந்தக் கையும் எல்லாவற்றையும் வைக்கத் தகுந்தவை. எதிராளி அப்படி வைக்கும்போது கால் செய்வதற்கு மட்டும் கூடுதல் பலம் வேண்டும்; முதலில் வைப்பவருக்கு அவர் கவிழ்க்கும் வாய்ப்பும் துணை, கால் செய்பவருக்குச் சீட்டு மட்டுமே துணை.

அறிகுறி 9: திருத்தியது நூறு கைகள் வேலை செய்தது, பிறகு நின்றுவிட்டது

எதிராளியும் உங்களைத் திருத்திக்கொண்டிருக்கிறார். இருவர் ஆட்டத்தில் இது மிக விரைவாக நடக்கும், ஏனெனில் இருவரும் ஒவ்வொரு கையிலும் நேருக்கு நேர் மோதுகிறீர்கள். நீங்கள் எல்லா ஃபிளாப்பிலும் சிறிய பந்தயம் வைக்கத் தொடங்கியதும், அதுவரை அமைதியாகக் கவிழ்த்துவந்தவர் செக் செய்துவிட்டு ரெய்ஸ் செய்யத் தொடங்கியிருப்பார். கடைசி 30 கைகளின் குறிப்பை எடுத்து, அவர் புதிதாகச் செய்யும் செயல் எது என்று மட்டும் தேடுங்கள். செக்-ரெய்ஸ் கூடியிருந்தால், வெறுங்கையோடு வைக்கும் பந்தயங்களில் பாதியைக் கைவிட்டு, மேல் ஜோடியோடு சில நேரம் செக் செய்யத் தொடங்குங்கள். பட்டன் ரெய்ஸுக்கு அவர் அடிக்கடி திருப்பி ரெய்ஸ் செய்யத் தொடங்கியிருந்தால், தொடக்க அளவை இரண்டு பிளைண்டாகக் குறைத்து, மிகப் பலவீனமான கைகளைக் கவிழ்க்கத் தொடங்குங்கள். புதிதாக எதுவுமே தென்படாவிட்டால், எதையும் மாற்றாமல் இன்னும் நூறு கைகள் ஆடிவிட்டு, குறிப்புகளை மறுபடி எண்ணுங்கள்.